வருகையின் நோக்கம்

அயல்நாட்டுக்குப் புறப்படுவோர் நிரப்பும் விண்ணப்பப் பாரத்தில் தவறாது இடம்பெறும் வினா ஒன்று உண்டு: வருகையின் நோக்கம் யாது? உறவினரைக் காணச் செல்பவர், கல்வி பயிலச் செல்பவர், வாணிகத்தின் பொருட்டுச் செல்பவர் ஆகியோர்க்கு இவ்வினாவால் இடர்ப்பாடு எதுவும் இல்லை. உள்ளதை உள்ளவாறு எழுதிவிட்டு அவர்கள் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவர். ஆனால், செய்தியாளரும் ஆவணப்படம் எடுப்போரும் அவ்விடத்தில் எழுதுகோலை நிறுத்திச் சிந்திக்க நேர்கின்றது. உண்மையை எழுதினால் கதவு மூடப்படலாம். சுற்றுலா என்று எழுதினால் அது எளிதில் திறக்கலாம். உண்மையை உலகுக்கு உரைப்பதையே தொழிலாகக் கொண்டவர், அத்தொழிலின் முதற்படியிலேயே பொய்யுரைக்கலாமா என்பதே கேள்வி.

பல நாடுகள் செய்தித்துறையினர்க்கெனத் தனி விசா வகையை வைத்துள்ளன. அமெரிக்காவில் அஃது 'ஐ' விசா எனப்படும். விசா இன்றியே அந்நாட்டுக்குச் சுற்றுலா சென்றுவரத்தக்க நாடுகளின் குடிமக்களும், செய்தி திரட்டச் செல்வாராயின் இவ்விசாவைப் பெற்றே ஆகவேண்டும். சீனாவில் 180 நாளுக்கு மேல் தங்கிப் பணியாற்றும் நிருபருக்கு 'ஜே-1' விசாவும், குறுகிய காலம் வந்துபோகும் நிருபருக்கு 'ஜே-2' விசாவும் உள்ளன. அனுப்பும் நிறுவனத்தின் கடிதம் வேண்டும். ஆவணப்படம் எனில், படத்தின் கருப்பொருள், படம்பிடிக்கும் இடங்கள், கொண்டுவரும் கருவிகள் ஆகியவற்றின் விவரங்களையும் கேட்கும் நாடுகள் உண்டு.

இவ்வேற்பாட்டை முற்றிலும் தீயதெனத் தள்ளிவிட இயலாது. தன் இல்லத்தினுள் வருபவர் யார், எதற்காக வருகின்றார் என அறிய வீட்டாருக்கு உரிமை உண்டு. நாட்டுக்கும் அவ்வுரிமை உண்டு. பத்திரிகைச் சுதந்திரத்தைத் தன் அரசியல் சட்டத்திலேயே பொறித்துள்ள அமெரிக்காவும் இதில் கண்டிப்பாகவே நடந்துகொள்கிறது. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில், வீடியோ விளையாட்டுக் கண்காட்சி ஒன்றைப் பற்றிச் செய்தி திரட்ட லாஸ் ஏஞ்சலிஸ் சென்ற பிரெஞ்சுச் செய்தியாளர் அறுவர், உரிய விசா இல்லாமையால் தடுத்துவைக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டனர். ஆயினும், வருபவரை அறிந்துகொள்வதற்கென அமைந்த அதே வாயில், உள்ளே நிகழும் கொடுமையை மறைப்பதற்கும் பயன்படலாம். அறச்சிக்கல் தோன்றுவது அங்கேதான்.

இச்சிக்கலில் இரு பெரும் சிந்தனையாளர்கள் இருவேறு வழிகளைக் காட்டுகின்றனர். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், 1797ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், கொலைகாரன் ஒருவன் வாயிலில் நின்று, தான் கொல்லத் தேடும் நண்பன் உள்ளே இருக்கின்றானா என்று வினவினாலும் பொய்யுரைத்தல் தவறே என வாதிட்டார். ஒருவர்க்கு விலக்கு அளித்தால் சொல்லின்மீது மாந்தர் கொண்ட நம்பிக்கையே சரிந்துவிடும் என்பது அவர் கருத்து. வள்ளுவரோ வாய்மை என்னும் அதிகாரத்தில், பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று வரையறுக்கின்றார். குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கின்றார். இவ்விலக்கைக் காட்டிப் பொய்க்கு வழி தேடுவோர் பலர், 'குற்றமற்ற' என்னும் நிபந்தனையை மறந்துவிடுகின்றனர். நன்மை விளைந்தால் மட்டும் போதாது. அந்நன்மையில் மாசு இருத்தல் கூடாது. அந்த அளவுகோலைக் கொண்டு சில நிகழ்ச்சிகளை ஆராய்தல் தகும்.

முதலாவது கிழக்குத் திமோரில் நிகழ்ந்தது. 1975 முதல் இந்தோனேசியப் படையின் பிடியில் இருந்த அந்நிலத்துக்குள் அயல்நாட்டுச் செய்தியாளர் எளிதில் செல்ல இயலாத காலம் அது. மேக்ஸ் ஸ்டால் என்னும் பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர் 1991ஆம் ஆண்டில் சுற்றுலாப் பயணியாக உள்ளே சென்றார். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள், டிலி நகரின் சாண்டா குரூஸ் இடுகாட்டில் கூடியிருந்த மக்கள்மீது படையினர் சுட்டனர். அக்காட்சியைப் படம்பிடித்த அவர், தாம் பிடிபடும் முன்னர் ஒளிநாடாக்களை இடுகாட்டிலேயே புதைத்துவைத்துப் பின்னர் மீட்டார். மாண்டோர் 19 பேர் என்று படையினர் முதலில் கூறினர். அரசு அமைத்த விசாரணைக் குழு ஏறத்தாழ 50 பேர் என்றது. பின்னர்த் திரட்டப்பட்ட பெயர்ப்பட்டியலோ இருநூற்றைக் கடந்தது. அந்த நாடா இல்லாதிருந்தால் அம்மக்களின் சாவு உலகின் கண்ணுக்கு எட்டியிராது. அந்நாடு 2002ஆம் ஆண்டில் விடுதலை பெற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. உலகத்தின் மனத்தைத் திருப்பிய அப்படமும் அவற்றுள் ஒன்று.

இரண்டாவது நிகழ்ச்சியில் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லண்டன் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்த மாணவர் குழு ஒன்று வடகொரியாவுக்குப் பயணம் சென்றது. பிபிசி நிறுவனத்தின் செய்தியாளர் ஜான் சுவீனி, தம் தொழிலை மறைத்து அக்குழுவினரோடு உள்ளே சென்று ஆவணப்படம் எடுத்தார். வடகொரியாவும் மூடிய கதவுடைய நாடே. எனினும், உண்மை வெளிப்பட்டிருந்தால் தண்டனை பெறக்கூடியவர் செய்தியாளர் மட்டுமல்லர். உடன்சென்ற இளைஞர்களும் அகப்பட்டிருப்பர். அம்மாணவர்க்கு உரிய முழு விவரமும் தரப்படவில்லை என்றும், அவர்களுக்கு நேரக்கூடிய ஆபத்து முறையாக எண்ணிப் பார்க்கப்படவில்லை என்றும் அந்நிறுவனத்தின் மேலாண்மை மன்றம் 2014ஆம் ஆண்டில் முடிவு கூறி, வருத்தம் தெரிவிக்குமாறு பணித்தது. வள்ளுவரின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால், இங்கு விளைந்த நன்மை எதுவாயினும் மாசு உடையதே. ஒருவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாம். பிறர் உயிரை அவர் அறியாமல் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது நிகழ்ச்சி மேலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏனெனில், அதில் விசாக்கள் யாவும் முறையாக இருந்தன, வாய்மையோ இல்லை. 1933ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கேரத் ஜோன்ஸ் என்னும் இளைஞர் உரிய விசாவோடு சோவியத் நாட்டுக்குச் சென்றார். உக்ரேன் செல்லும் இரயிலில் ஏறி, நகரை அடையும் முன்னரே இறங்கி, சிற்றூர்களினூடே நடந்து, அங்குப் பஞ்சத்தால் மக்கள் படும் துயரைக் கண்டார். மார்ச் 29ஆம் நாள் பெர்லினில் அதனை உலகுக்கு அறிவித்தார். மாஸ்கோவில் தங்கியிருந்த நிருபர்கள் அதனை மறுத்தனர். நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டியூரண்டி இரண்டே நாளில் மறுப்பெழுதினார். அந்நிருபர்களுள் ஒருவரான யூஜின் லையன்ஸ், ஜோன்ஸின் சொல்லைத் தாங்கள் கூடிப் பொய்யாக்கியதைப் பின்னர் 1937ஆம் ஆண்டு நூலில் ஒப்புக்கொண்டார். தணிக்கை அதிகாரிகளின் தயவை இழந்தால் அங்குப் பணியாற்ற முடியாது என்பதே அவர்களை ஆட்டிப்படைத்த அச்சம். ஜோன்ஸ் மீண்டும் அந்நாட்டுக்குள் நுழைவது தடைசெய்யப்பட்டது. விசாவைக் காத்துக்கொண்டோர் வாய்மையை இழந்தனர். வாய்மையைக் காத்தவர் விசாவை இழந்தார்.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் தெளிவு ஒன்று பிறக்கின்றது. செய்தியாளரின் முதற்கடன் வாயிற்காவலருக்கு அன்று; படிப்போர்க்கும், எவர் துயரை எழுதுகின்றாரோ அவர்க்குமே உரியது. எனினும், இதனைக் கொண்டு எல்லாப் பொய்யையும் நியாயப்படுத்த இயலாது. இடுகாட்டில் அன்று என்ன நிகழப்போகின்றது என்பதை ஸ்டால் முன்னரே அறிந்திருக்க முடியாது. ஆகவே, பின்னர் விளையும் பயனைச் சுட்டி முன்னர் உரைத்த பொய்யைப் பொறுத்துக்கொள்வது போதிய விடையாகாது. பாரத்தை நிரப்பும் வேளையிலேயே எண்ணவேண்டியவை சில உள்ளன. நேர்வழி முழுவதும் அடைபட்டுள்ளதா? மறைக்கப்படுவது மக்களின் உயிரையும் உரிமையையும் தொடுவதா? பிடிபட்டால் துன்பம் தம்மோடு நிற்குமா, வண்டியோட்டி, மொழிபெயர்ப்பாளர், உணவளித்த வீட்டார் ஆகியோரையும் சேருமா? செய்தியாளர் நாடு கடத்தப்படுவார். விமானமேறி வீடு சேர்வார். அவருக்கு உதவிய உள்ளூர்வாசியோ போவதற்கு வேறு வீடு இல்லாதவர். இவ்வினாக்களுக்கு நேரிய விடை இல்லாதவர், வரிசையில் காத்திருக்கும் சோம்பலுக்காகவோ செலவைக் குறைக்கவோ 'சுற்றுலா' என்று எழுதுவாராயின், அது வெறும் பொய்யே. திரும்பியபின் தாம் எவ்வாறு உள்ளே சென்றார் என்பதைப் படிப்போரிடம் மறைப்பவரும் அக்குற்றத்திற்கு ஆளாவார். நெஞ்சறிந்து உரைத்த பொய்க்கு நெஞ்சே சாட்சியாகி வருத்தும் என்ற வள்ளுவரின் எச்சரிக்கை, பொறுக்கத்தக்க பொய்யை உரைத்தவர்க்கும் பொருந்தும்.

அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2020ஆம் ஆண்டில் சீனா அமெரிக்க நாளேட்டின் நிருபர் மூவரை வெளியேற்றியது. அமெரிக்கா சீன அரசுச் செய்தி நிறுவனங்களின் பணியாளர் எண்ணிக்கையை 100ஆகக் குறைத்தது. சீனா மேலும் பல அமெரிக்க நிருபர்களை வெளியேறச் செய்தது. செய்தியாளர்கள் சதுரங்கக் காய்களாயினர். அவ்வாண்டு ஆகஸ்டில் மலேசியாவிலும், அல்ஜசீரா நிறுவனத்தின் ஆஸ்திரேலியச் செய்தியாளர் இருவரின் விசா புதுப்பிக்கப்படவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அயல்நாட்டுத் தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றிய ஆவணப்படம் அதற்கு முந்தைய மாதம் வெளிவந்திருந்தது. அப்படம் உண்மைக்குப் புறம்பானது என்றது அரசு; தன் பணி நேர்மையானது என்றது நிறுவனம். யார் பக்கம் நியாயம் என்பதை மக்கள் ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். தவறான செய்திக்கு மறுமொழி, சான்றோடு கூடிய மறுப்பே. விசாவைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்தும் அரசு, நேர்மையாக விண்ணப்பிப்பவரைத் திருப்பியனுப்பி, பொய்யுரைப்பவரை உள்ளே வரவழைக்கின்றது.

நாளைய செய்தியாளரும் திரைக்கலைஞரும் இன்று வகுப்பறையில் அமர்ந்துள்ளனர். வாய்மை பற்றி அவர்கள் கற்கும் பாடம், பொய் சொல்லாதே என்னும் ஒரு தொடரோடு முடிந்துவிடலாகாது. ஒரு சொல்லால் நன்மை பெறுபவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று எண்ணிப்பார்க்கவும் அவர்கள் பழகவேண்டும். அவ்வாறு பழகியவர், வருகையின் நோக்கம் யாது என்னும் வினாவுக்கு எதை எழுதினாலும், அதனைத் தம் நெஞ்சுக்கும் படிப்போர்க்கும் மறைக்கமாட்டார்.