திரும்பி வரும் பிழை, திரும்பாத பிழை

ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. ஒரு துடிப்பு வந்தால் ஒரு ஸ்டெப் நகரும், அவ்வளவுதான். வீட்டுப் பட்டறை சிஎன்சி முழுவதும் இந்த ஒரே ஏற்பாட்டை நம்பித்தான் ஓடுகிறது. சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்கு 1.8 பாகை. டிரைவர் அதை எட்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 1600 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்க்ரூவில், மி.மீ. ஒன்றுக்கு 320. கன்ட்ரோலர் 32,000 துடிப்புகளை அனுப்பிவிட்டு, எக்ஸ் அச்சு 100-இல் நிற்பதாகத் திரையில் காட்டுகிறது. உண்மையில் அங்கேதான் நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பார்க்க அதற்குக் கண் இல்லை.

1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில், எண்களைக் கொண்டு இயங்கிய முதல் மில்லிங் இயந்திரத்தைக் காட்டியபோது, அதில் அந்தக் கண் இருந்தது. மேசை எவ்வளவு நகர்ந்தது என்பதைத் திரும்பச் சொல்லும் ஏற்பாட்டோடுதான் அதைக் கட்டியிருந்தார்கள். கிண்டியிலும் திருமுடிவாக்கம் சிட்கோவிலும் ஓடும் பெரிய இயந்திரங்களில் இன்று அதே வேலையை என்கோடர் செய்கிறது. வீட்டுக்கு வரும் இயந்திரத்தில் விலையைக் குறைப்பதற்காக விட்டுவிட்ட பகுதி அது. அந்த இடத்தில் மனிதர் உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. இயந்திரத்தோடு பழகுவதற்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது.

*

அச்சு சரியாக நகரவில்லை என்றதும் கை முதலில் செட்டிங்ஸைத்தான் தேடும். கரன்டைக் கொஞ்சம் கூட்டலாம், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், மி.மீ.க்கு 320 என்பதை 321 ஆக்கிப் பார்க்கலாம். இந்த அவசரத்தில் பிழை தன் அடையாளத்தை இழந்துவிடுகிறது. மூன்று நாள் கழித்து அதே பிழை வேறு உருவில் வரும்போது எது எதனால் வந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

பிழையை முதலில் அப்படியே இருக்க விட வேண்டும். அதனிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான்: புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால் நீ இருப்பாயா?

மேக்னடிக் ஸ்டாண்டில் டயல் கேஜைப் பிடித்து வைக்கிறேன். ஒரு கோடு 0.01 மி.மீ. இடப்பக்கமிருந்து வந்து முள்ளைத் தொட்டுப் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். 50 மி.மீ. விலகிப் போய், மறுபடி இடப்பக்கமிருந்தே வந்து தொட வேண்டும். பிறகு வலப்பக்கமிருந்து வந்து அதே இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். லேத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஓர் அண்ணன் எனக்குச் சொன்னது இதுதான்: "ரெண்டு பக்கமும் இருந்து வந்து பாரு தம்பி. ஒரு பக்கமா வந்தா எந்த மெஷினும் நல்ல மெஷினுதான்."

இடமிருந்து வரும்போது பூஜ்ஜியம், வலமிருந்து வரும்போது எப்போதும் அதே 0.08 என்றால் அது பேக்லாஷ். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே, அல்லது பேரிங் உட்காரும் இடத்தில், ஆட்டம் இருக்கிறது. திசை மாறும்போதெல்லாம் அந்த ஆட்டத்தைக் கடந்த பிறகுதான் மேசை அசையும். இந்தப் பிழை வளராது. இன்றைக்கும் 0.08, அடுத்த வாரமும் 0.08.

10 மி.மீ.க்கு 0.02, 100 மி.மீ.க்கு 0.20 என்று தூரத்தோடு சேர்ந்து ஏறினால் கணக்கில் கோளாறு. புறப்பட்ட இடத்துக்கு வந்தால் முள் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்கும். எண்ணை மாற்ற வேண்டியது இந்த ஒரு பிழைக்கு மட்டும்தான்.

மூன்றாவது வகை, போய் வந்த ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியம் சற்றே தள்ளிப் போயிருக்கும் வகை. அது சேர்ந்துகொண்டே போகும். போன தூரம் போனதுதான், திரும்பாது. பட்டறைகளில் ஸ்டெப் லாஸ் என்று சொல்வதில் பெரும்பங்கு இது. ஆனால் இதற்குள்ளேயே இன்னும் இரண்டு மூன்று ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

*

இந்த மூன்றாவது பிழையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அதற்கென்று ஒரு நாணயம் உண்டு என்பது.

நாம் வாங்கும் வழக்கமான 1.8 பாகை மோட்டாருக்குள் சுழலும் பகுதியில் 50 பற்கள் இருக்கின்றன. 360-ஐ 50-ஆல் வகுத்தால் 7.2 பாகை. சுமை தாங்காமல் மோட்டார் நழுவினால், மறுபடி பிடித்துக்கொள்ளக்கூடிய இடம் ஒரு பல் தள்ளித்தான், அதாவது நான்கு முழு ஸ்டெப் தள்ளித்தான், கிடைக்கும். படிக்கட்டில் இடறியவர் அடுத்த படியில்தான் கால் ஊன்ற முடியும், இரண்டு படிக்கு நடுவே நிற்க முடியாது. 5 மி.மீ. ஸ்க்ரூவில் 7.2 பாகை என்பது சரியாக 0.1 மி.மீ.

ஆகவே இழப்பு 0.1, 0.2, 0.5 என்று இந்த நாணயத்தில் வந்தால் மோட்டார் நழுவியிருக்கிறது. சுமை அதிகம், அல்லது வேகம் அதிகம், அல்லது முடுக்கம் அதிகம்.

இழப்பு 0.03, 0.07, 0.11 என்று நாணயத்துக்குப் பொருந்தாமல் வந்தால் மோட்டாரைச் சந்தேகிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் கப்ளிங்கில் கிரப் ஸ்க்ரூ வழுக்குகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம், ஒரு மார்க்கர் பேனா போதும். மோட்டார் தண்டு, கப்ளிங், ஸ்க்ரூ மூன்றின் மேலும் நேராக ஒரே கோடு இழுத்துவிட்டு ஒரு ஜாபை ஓட்டினால் போதும். கோடு உடைந்திருந்தால் வழக்கு முடிந்தது. உருண்டைத் தண்டின் மேல் கிரப் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அதிர்வில் தளரும். தண்டில் அரத்தால் சின்னதாக ஒரு தட்டை முகம் எடுத்து, அதன் மேல் ஸ்க்ரூவை உட்காரவைத்து, ஒரு சொட்டு த்ரெட்லாக்கர் விட்டால் நிற்கும்.

இன்னொரு வகை மிகச் சின்னது, மிகக் கெட்டது. நேர்கோடுகள் எல்லாம் சுத்தமாக வருகின்றன, ஆனால் முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான முறை திரும்பும் செதுக்கல் வேலையில் மட்டும் படம் மெல்ல ஒரே பக்கமாகச் சாய்கிறது. திசை மாற்றச் சொல்லும் சிக்னலும் ஸ்டெப் துடிப்பும் சரியான இடைவெளியில் வராததால், ஏதாவது ஒரு திசைக்குத் திரும்பும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு தவறான திசைக்குப் போய்விடுகிறது. ஒரு துடிப்பு என்பது 0.003 மி.மீ.தான். அது அந்தத் திசைக்குச் சேராமல் போய் எதிர்த் திசையில் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்பு. அப்படிப்பட்ட ஆயிரம் திருப்பங்களில் ஆறு மி.மீ.க்கு மேல் போய்விடும். டிரைவர் துடிப்பின் ஏறுமுனையைப் பார்க்கிறதா, இறங்குமுனையைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, கன்ட்ரோலரில் அந்தச் சிக்னலைத் தலைகீழாக்கினாலே பல இயந்திரங்கள் குணமாகிவிடும். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் இந்தப் பிழை போகாது. அதுவே இதன் அடையாளம்.

*

மேடவாக்கத்தைத் தாண்டி பெரும்பாக்கம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வில்லியம் லாம்ப்டனின் நினைவு வரும். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் நில அளவையின் அடிக்கோடு இந்த மண்ணில்தான் இழுக்கப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று அவர் வேலையைத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கம் ஒரு முனை, பெரும்பாக்கம் குன்றின் பக்கம் மறுமுனை, நடுவே சுமார் ஏழரை மைல். அளக்க அவரிடம் இருந்தது நூறடி நீள எஃகுச் சங்கிலி. அதை ஏறக்குறைய நானூறு முறை எடுத்து வைக்க வேண்டும்.

சென்னை வெயிலில் எஃகு நீளும். நூறடி எஃகு, வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் சுமார் மூன்றரை மி.மீ. நீளும். நானூறு முறைக்கு அது ஏறத்தாழ 1.4 மீட்டர். லாம்ப்டன் சங்கிலியைத் தரையில் போடவில்லை. மரத் தொட்டிகளில் கிடத்தி, நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டார். வேலைக்கு எடுக்காத இன்னொரு சங்கிலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே பாதுகாத்து வைத்திருந்தார்.

மாறாத சங்கிலி ஒன்று எங்காவது கிடைக்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. தன் சங்கிலி மாறும் என்பதை ஒப்புக்கொண்டு, எவ்வளவு மாறுகிறது என்று கேட்டார். வீட்டு இயந்திரத்தின் முன்னால் உட்காரும்போது நான் கற்றுக்கொள்ள விரும்புவது இந்த மனநிலையைத்தான்.

அந்த வெயில் இங்கே இன்னும் இருக்கிறது. கத்திரியில் ஷீட் போட்ட பட்டறைக்குள் காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நடுவே பத்துப் பாகை வித்தியாசம் எளிதாக வரும். அரை மீட்டர் அலுமினியம் அதற்குள் 0.11 மி.மீ. நீண்டிருக்கும், அதே நீள எஃகு ஸ்க்ரூ அதில் பாதிதான் நீண்டிருக்கும். காலையில் வைத்த பூஜ்ஜியத்தை மதியம் அளந்து, ஸ்டெப் போய்விட்டது என்று முடிவு கட்டினால் அது மோட்டாருக்குச் செய்யும் அநியாயம். பட்டறைச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறேன். நோட்டில் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் அதன் எண்ணையும் எழுதுகிறேன்.

டிரைவருக்கும் இதே வெயில்தான். பெட்டிக்குள் அடைத்து ஃபேன் இல்லாமல் விட்டால் சிப் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கணம் நின்றுவிடும். அந்தக் கணத்தில் அச்சு கைவிடப்படும். முதல் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு மட்டும் தவறும் இயந்திரத்தில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது டிரைவரின் அலுமினியத் தகட்டை.

*

எதனால் என்று தெரியாத போது ஒரே புரோகிராமை நான்கு விதமாக ஓட்டிப் பார்க்கிறேன். ஸ்பிண்டில் அணைத்து, காற்றில். ஸ்பிண்டில் சுழல, காற்றில். ஸ்பிண்டில் சுழல, ஜாபில். கடைசியாக அதே ஜாபில் பாதி ஆழத்தில். ஸ்பிண்டில் அணைந்திருந்தும் காற்றிலேயே தவறினால் பெரும்பாலும் வேகமோ முடுக்கமோ காரணம். ஸ்பிண்டிலைப் போட்டதும் தவறத் தொடங்கினால் மின் இரைச்சல். ஜாபில் மட்டும் தவறினால் மழுங்கிய எண்ட் மில், இல்லையென்றால் பேராசையான ஆழம்.

மின் இரைச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் வீட்டுக்கு வீடு போர் மோட்டார். பக்கத்து வீட்டில் அது கிளம்பும் நொடியில் லிமிட் சுவிட்ச் அடித்ததாக நினைத்து இயந்திரம் நின்றுவிடுவது நான் பலமுறை பார்த்தது. சுவிட்ச் ஒயரை ஸ்பிண்டில் ஒயரோடு ஒரே சேனலில் ஓட்டாமல் பிரித்து, ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் பெருமளவு அடங்கும். பிளக் பாயின்டில் எர்த்துக்கான மூன்றாவது துளை எங்காவது உண்மையில் இணைந்திருக்கிறதா என்பதை அதற்கு முன் பார்த்துவிட வேண்டும். பழைய வீடுகளில் அது வெறும் துளையாகவே இருப்பதுண்டு.

வெள்ளிக்கிழமைப் பல்லாவரம் சந்தையில் பழைய லீனியர் ரெயிலும் பால் ஸ்க்ரூவும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் நட்டை முழு நீளத்துக்கும் விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கரகரத்தால், அங்கே துரு குழி தோண்டியிருக்கிறது. கடற்காற்றும் 2015 டிசம்பர் வெள்ளமும் பார்த்த ஊர்ப்பக்கம் இது. அந்தக் குழி இயந்திரத்தில், எப்போதும் ஒரே எண்ணில் தடுக்கும் அச்சாக வந்து நிற்கும்.

*

இசட் அச்சு தனி. அங்கே புவியீர்ப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்கிறது. ஸ்பிண்டிலைத் தூக்கும்போதுதான் மோட்டார் திணறும், இறக்கும்போது சுலபம். ஏறும்போது மட்டும் நழுவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கருவி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். கடைசிப் பள்ளம் முதல் பள்ளத்தைவிட ஆழமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஏறும் வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. ஸ்பிண்டிலின் எடையை ஸ்ப்ரிங் ஒன்று பாதியாவது தாங்கும்படி செய்வது இன்னும் நல்ல வழி.

என் இயந்திரத்தில் எக்ஸும் இசட்டும் இப்போது சொன்ன இடத்துக்கு வருகின்றன. ஒய் அச்சில் கேன்ட்ரியின் இரு பக்கமும் இரண்டு மோட்டார்கள். அவற்றில் ஒன்று மட்டும் நழுவினால் கேன்ட்ரி கோணலாகும், நடுவில் வைத்த டயல் கேஜுக்கு அதில் பாதிதான் தெரியும். 300-க்கு 400 செவ்வகம் ஒன்றைக் கீறி இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் 500 வர வேண்டும். வேலைக்கு முன் ஒரு செவ்வகம், நீளமான ஜாப் ஒன்றை ஓட்டி முடித்த பிறகு அதே பலகையில் இன்னொன்று, காலை வெப்பத்திலேயே.