நிறுத்தவும் ஒரு விரதம் வேண்டும்

மன்னார் நகரத்திலிருந்து தோட்டவெளி, பேசாலை வழியாகத் தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மரதன் ஓடுகிறவர்கள் போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் கடைசியாக ஓடிப் பார்க்கும் நீண்ட தூரமும் பெரும்பாலும் இவ்வளவுதான். அதற்குப் பிறகு பயிற்றுநர் சொல்வதுதான் ஓடுகிறவரை நிலைகுலைய வைக்கிறது: குறை. கிழமைக்கு 80 கிலோமீட்டர் ஓடியவர் 40க்கு இறங்க வேண்டும். வேகத்தைக் கைவிடக் கூடாது, தூரத்தை மட்டும் பாதியாக்க வேண்டும். மாதக்கணக்கில் நைந்த தசை நார்கள் பொருந்தவும், தசையிலும் ஈரலிலும் மாச்சத்து நிறையவும் அந்த அவகாசம் தேவை. இரண்டு வாரத்தில் பழகிய பலம் கரைந்துவிடாது. கடைசி இரண்டு வாரத்தில் பயிற்சியின் அளவை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைத்தவர்கள் சராசரியாக 2 வீதமளவு முன்னேறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்கு மணித்தியால ஓட்டத்தில் அது ஐந்து நிமிடம். 1950ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு முன், கடும் பயிற்சிக்கே பெயர்பெற்ற செக் நாட்டு எமில் சாட்டோபெக் உணவு நஞ்சாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்து 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டையும் வென்றார். நோய்தான் அவரைக் கட்டாயப்படுத்தி ஓய வைத்தது.

இவ்வளவு தெரிந்தும் ஓடுகிறவருக்கு மனம் ஒப்புவதில்லை. காலையில் எழுந்து சும்மா இருந்தால் குற்றம் செய்தது போலிருக்கிறது. இல்லாத முழங்கால் வலி வருகிறது. ஒருவருக்கும் சொல்லாமல் தாம்போதி வரை ஓடிவிட்டு வந்தால்தான் நெஞ்சு ஆறுகிறது. இந்தக் குற்ற உணர்வுக்குள் ஒரு சமய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: வருத்திக்கொண்ட அளவுக்கே பலன் உண்டு, நோகாத நாள் வீணான நாள். பக்தர்களிடமும் இதே எண்ணம் உண்டு. சமயங்கள் உண்மையில் இதைத்தான் சொல்கின்றனவா? இல்லை என்பது என் துணிபு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதைத் தவத்தின் தளர்வாக அவை கொள்ளவில்லை. தவத்தின் ஒரு பகுதியாகவே விதித்திருக்கின்றன.

மன்னாரில் இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தவக்காலத்தின் நாற்பது நாளை எண்ணும்போது ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. உயிர்ப்பின் நாளில் நோன்பில்லை. இஸ்லாத்தில் ஸஹரைப் பிந்தி உண்பதும் நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவதும் சிறப்பு. இரவையும் பகலையும் சேர்த்துத் தொடர்ந்து நோன்பிருப்பதை நபிகள் தடுத்தார்கள். நோயாளியும் பயணியும் வேறு நாளில் நோற்றுக்கொள்ளலாம். பெருநாளன்று நோற்பது விலக்கப்பட்டது. சைவ, வைணவ வழக்கில் பாரணை இருக்கிறது: ஏகாதசி உபவாசத்தைத் துவாதசியில் உரிய வேளைக்கு உண்டு முடிக்காவிட்டால் விரதமே பழுது. இன்னும் ஒரு வேளை பட்டினி கிடந்தால் புண்ணியம் கூடும் என்று நினைப்பவருக்கு இந்த மூன்று வழிகளிலும் இடமில்லை. பசியின் மிகுதியைப் பக்தியின் மிகுதியாக எடுத்துக்கொள்ள மறுத்தவை இவை.

ஓட்டத்தைப் பற்றியே பேசிய பவுலடிகளை இங்கே எதிர்வாதமாகக் காட்டலாம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பந்தய ஓட்டக்காரரைச் சொல்லி, தம் உடலை அடக்கி அடிமைப்படுத்துவதாக எழுதுகிறார். கொரிந்துக்குப் பக்கத்தில் நடந்த இஸ்த்மியப் போட்டி அவர் வாசகர்களுக்குத் தெரிந்தது. அங்கே வென்றவருக்குக் கிடைத்தது வாடிய இலைகளால் ஆன முடி. உடலை வதைக்கச் சொல்லும் பகுதி என்றே பலர் இதைப் பிரசங்கிக்கிறார்கள். ஆனால் அவர் ஓட்டக்காரரிடம் முதலில் பாராட்டுவது எல்லாவற்றிலும் தன்னை அடக்குவதை. அந்த ‘எல்லாவற்றிலும்’ என்பதற்குள், இன்னும் கொஞ்சம் ஓடலாம் என்ற ஆசையும் அடங்காதா? சோம்பேறிக்குப் படுக்கையை விட்டு எழுவது அடக்கம். பழகிய ஓட்டக்காரருக்கு எழாமல் இருப்பதே அடக்கம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் நேர்த்திக்கடன். மடு மாதா கோயிலுக்கு நாட்கணக்கில் நடந்து வருகிறவரும், காவடி எடுப்பவரும் வலியைத்தானே காணிக்கையாக வைக்கிறார்கள்? உண்மை, அதை இழிவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேர்த்தி என்பது முன்கூட்டியே அளவு சொல்லிச் செய்யும் வாக்கு. இத்தனை நாள் நடப்பேன், இந்தக் காவடி எடுப்பேன் என்றால் அதோடு கடன் தீர்ந்தது. தீர்ந்த கடனைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறவர் வாக்கைப் பெற்றுக்கொண்டவரை நம்பவில்லை என்றுதான் அர்த்தம். 1670இல் ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்குத் தப்பி மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைக் காட்டு வழியே கொண்டுபோன குடும்பங்களையும் இங்கே நினைக்கலாம். அவர்கள் வலியைத் தேடிப் போகவில்லை. வழியில் வந்ததைத் தாங்கினார்கள்.

இன்னொருவர் சொல்லலாம்: பயிற்றுநர் ஓயச் சொல்வது வெல்வதற்கான தந்திரம், இதில் ஆன்மிகம் எங்கே? பாதி சரி. நோக்கம் பதக்கமாக இருக்கலாம். வாடும் முடிக்கும் வாடாத முடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பவுலே சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கிழமைகளில் ஓடுகிறவர் இழப்பது எது என்று பாருங்கள். தான் தகுதியானவன் என்று தனக்கே காட்ட அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அன்றைய தூரம். அது போய்விடுகிறது. கடைசிக் கிழமையில் ஒளித்து ஓடுகிறவர் வாங்குவது பலத்தை அல்ல, ஆறுதலை; அதற்கு விலையாகப் பலத்தைக் கொடுக்கிறார். எல்லாம் தன் உழைப்பின் கையில் இல்லை என்பது தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடலில் நீந்துகிறவர்களுக்கு இன்னும் வெளிச்சம். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர போகவர நீந்தியதும், 2022 மார்ச்சில் மும்பைச் சிறுமி ஜியா ராய் ஒரு வழி நீந்தியதும் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். எத்தனை மாதம் பழகினாலும் காற்றையும் நீரோட்டத்தையும் பயிற்சியால் இணங்க வைக்க முடியாது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் தன் கையில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கத் தெரிவதை எந்தச் சமயமும் சிறுமை என்று சொன்னதில்லை.

ஓய்வெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு என்று நினைப்பதும் தவறு. கத்தோலிக்க மீனவர் ஊர்கள் பலவற்றில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஒரு நாள் பாட்டை விட்டுக்கொடுப்பது அந்த வீடுகளுக்குச் சின்ன விஷயமல்ல, ஆனாலும் விடுகிறார்கள்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் மரதன் ஓட்டம் வைப்பது வழக்கம். பிள்ளைகள் அதற்கு முதல்நாள் வரை வெயிலில் ஓடித் திரிவதும், அதைப் பெரியவர்கள் மெச்சுவதும் வழக்கம்தான். பயிற்சி செய்த பிள்ளை கடைசிக் கிழமையில் வீட்டில் இருந்தால், ‘ஏன் இன்றைக்கு ஓடவில்லை’ என்று கேட்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்து, நேரத்துக்குப் படுக்க விடுங்கள்.