கொசுவின் சமதர்மம்

மாலை நேரத்தில் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்து பேசிவிட்டுப் போகிற நண்பர் ஒருவர் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிற சாமர்த்தியசாலி. ஒருநாள் கையிலிருந்த பத்திரிகையால் தம் முழங்காலில் ஓர் அடி வைத்துவிட்டு, "இந்தச் சென்னைப் பட்டணத்தில் உண்மையான சமதர்மவாதி யார் தெரியுமா, சார்? கொசுதான். பங்களா என்றும் பார்க்காது, குடிசை என்றும் பார்க்காது" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் போன பிறகுதான் என்னுடைய சிரிப்பு என்னையே உறுத்த ஆரம்பித்தது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காகச் சென்னையில் 50 இடங்களைப் பொறுக்கி எடுத்து, 5 வயதிலிருந்து 40 வயது வரையுள்ள 1,010 பேருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 93 பேர் எப்போதோ ஒரு சமயம் டெங்குக் கிருமிக்கு ஆட்பட்டவர்கள் என்று தெரிந்தது. "உங்களுக்கு டெங்கு வந்ததுண்டா?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்றவர்களோ நூற்றுக்கு ஒருவர்! சிக்குன்குனியாவின் தடம் 44 பேரிடம் இருந்தது. வந்ததாகச் சொன்னவர்கள் 20 பேர். இரத்தத்துக்குத் தெரிந்த சங்கதி, அதை உடையவனுக்குத் தெரியவில்லை.

ஆகவே, கடிக்கிற வரையில் கொசு சமதர்மவாதிதான். கடித்த பிறகு?

உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு. டெங்குக் கிருமியில் நான்கு வகை. முதல் வகை லேசான காய்ச்சலாக வந்து போயிருந்தாலும், அடுத்த முறை வேறு வகை வந்தால் சிலருக்கு அது உயிருக்கே உலை வைத்துவிடும். பிரசவ வேளையில் தாய்க்குச் சிக்குன்குனியா இருந்தால் பிள்ளைக்கும் அது போய்ச் சேரலாம். வயதானவர்களை மூட்டுவலி லேசில் விடாது. இதற்கெல்லாம் யாரையும் நோக முடியாது. நான் சொல்ல வந்த வித்தியாசம் வேறு.

2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டுக்கு வந்தது. திரும்பி வந்தது என்பதே சரி. 1964-ல் ஒரு தடவை இந்த ஊரை ஆட்டி வைத்த நோய்தான். ஆப்பிரிக்காவில் மக்கோண்டே மக்களின் பாஷையில் வளைந்து ஒடுங்குவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அந்த வருஷம் தெருவில் நடந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேர் விழுந்தோம்: நான், என் தாயார், பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்க வருகிற அம்மாள்.

நான் பத்து நாளில் எழுந்துவிட்டேன். தொடர்கதைக்கு, "ஆசிரியருக்கு உடல்நலம் இல்லை" என்று ஒரு வாரம் போட்டுச் சமாளித்தார்கள். அதன் பயனாக வாசகர் கடிதங்கள்கூட இரண்டு அதிகமாக வந்தன. தாயாரின் முழங்கால் ஆறு மாதம் தகராறு செய்தது. பார்த்துக்கொள்ள நாங்கள் இருந்தோம். அந்த அம்மாளுக்கு நோய் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. விரல் மடங்கவில்லை. எனக்கும் மடங்கவில்லைதான், ஆனால் நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு என் மகன் இருந்தான். அவளுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்க யார் இருக்கிறார்கள்? மூன்று வீட்டு வேலை அவளுக்கு. மற்ற இரண்டு வீட்டிலும் பத்து நாள் பொறுத்தார்கள். நாங்கள் கொஞ்சம் தாராளம், பதினாறு நாள்.

பிறகு வேறொரு பெண்ணை வைத்துக்கொண்டோம். "தற்காலிகமாகத்தான்" என்றாள் என் மனைவி. நான் தலையை ஆட்டினேன். வீட்டில் இரண்டு நோயாளிகள், குழாயடியில் குவிந்து கிடக்கிற பாத்திரங்கள், வேறென்ன செய்வது? நாங்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. அப்படி இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் அவள் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் நகம் சுத்தமாக இருக்கிறதா என்று வாத்தியாரிடம் காட்டுகிற குழந்தையைப் போல் கைகளை நீட்டி, விரல்களை மடக்கி விரித்தாள்.

"இப்ப நல்லா மடங்குதும்மா. நாளையிலேருந்து வந்துடறேன்."

கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டது. என் மனைவி உள்ளே போய் 300 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள். "பெரியம்மாவுக்குக் கால் தேவலையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இத்தோடு நின்றிருந்தால் மனம் எப்படியாவது சமாதானம் தேடிக்கொண்டிருக்கும். அந்த மாதமே, கொசுப் புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற ஊழியர் வந்தார். தெருச் சாக்கடையைப் பற்றி அவரிடம் பலமாகப் புகார் சொன்னேன். "அந்தக் கொசு வேற, சார். இது நல்ல தண்ணியிலேதான் முட்டை வைக்கும்" என்று சொல்லிக்கொண்டே, நான் ஆசையாக வளர்க்கிற குரோட்டன்ஸ் தொட்டிக்கு அடியிலிருந்த தட்டை இழுத்தார். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படித்தேன். ஏடிஸ் என்கிற அந்தக் கொசு பகலில் கடிப்பது. பிறந்த இடத்தைவிட்டுப் பெரும்பாலும் இருநூறு மீட்டருக்கு மேல் போகாது. அந்த அம்மாளின் வீடு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். தினமும் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவள் உட்கார்ந்திருந்த இடம் எங்கள் குழாயடி. தொட்டிக்கும் அதற்கும் பத்தடி தூரம்.

நிரூபிக்க முடியாது. மற்ற வீட்டுக் கொசுவாக இருக்கலாம். அவள் வீட்டுத் தண்ணீர் டிரம்மிலேயே பிறந்த கொசுவாகவும் இருக்கலாம். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் எனக்கு விடுதலைதான். ஆனாலும் அவளுடைய டிரம்மையும் என்னுடைய தட்டையும் அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். பிடித்து வைக்காவிட்டால் உலை ஏறாது. டிரம்மைக் கவிழ்த்தால் இரண்டு நாள் சமையல் போகும். தட்டைக் கவிழ்த்தால் தரை நனையும், அவ்வளவுதான். தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று இருவருக்கும் ஒரே நோட்டீஸ்தான் வருகிறது.

தெரியாமல் செய்த தீங்குக்குக் கடன் உண்டா? மனுநீதிச் சோழன் கதையில் இளவரசன் வேண்டுமென்றா கன்றின் மேல் தேரை ஏற்றினான்? அதுதானே வந்து விழுந்தது. மந்திரிகள் அதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். சின்ன வயதில் அந்த மந்திரிகள் எனக்குக் கோழைகளாகத் தோன்றினார்கள். இப்போது அவர்கள் பேச்சு எவ்வளவு நியாயமாகப் படுகிறது! அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை யாரும் தேர்க்காலில் படுக்கச் சொல்லவில்லை. அவளுக்கு மாதம் 500 ரூபாய் சம்பளம். இரண்டு மாதத்துக்கு 1,000. வேலையை அவளுக்காக வைத்திருந்து, அந்தச் சம்பளத்தையும் கொடுத்திருந்தால் ஏறக்குறையக் கணக்குத் தீர்ந்திருக்கும். தாயாரின் மருந்துக்கும் எக்ஸ்ரேக்கும் அதற்கு மேல் செலவழித்தோம். அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, பாக்கி 700 ரூபாயை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் தெருவுக்குப் போனேன். காலி செய்துகொண்டு போய்விட்டார்களாம். எந்த ஊருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை. அவள் இருந்த வீட்டு வாசலில் நீல நிற டிரம் ஒன்று நின்றது. மூடி இல்லை, பழைய புடவை ஒன்றை நான்காக மடித்து, அதன் வாயை இறுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.