பார்க்காததற்குச் சாட்சி சொல்லலாமா?



இஷா தொழுது முடித்துப் பள்ளிவாசல் திண்ணையில் சற்று உட்கார்ந்தால் போதும். ஊரில் ஓடுகிற படங்கள் அத்தனைக்கும் தீர்ப்புக் கிடைத்துவிடும். "அது சுத்த மோசமாம் காக்கா", "அந்தத் தொடரைப் பார்த்தால் ஈமான் கூடுதாம்" என்று இரண்டு பக்கமும் பேச்சு நடக்கும். எல்லாவற்றிலும் அந்த 'ஆம்' ஒட்டிக்கொண்டிருக்கும். சொன்னவர் பார்த்திருக்க மாட்டார். அவருக்குச் சொன்னவரும் பார்த்திருக்க மாட்டார்.

சினிமா பார்க்கலாமா, கூடாதா என்ற மஸ்அலாவை நாம் இங்கே எடுக்கவில்லை. அதை உலமாக்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். நாம் பேச வந்தது நாவைப் பற்றி. அதுவும் முதலில் நம்முடைய நாவைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ பயானில் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, அதில் பாங்கைக் கேலி செய்திருப்பதாகக் கண்டித்துப் பேசினோம். கைபேசிக்கு வந்த ஒரு செய்திதான் நமக்கு ஆதாரம். தொழுகை முடிந்ததும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒருவர் முஸாஃபஹா செய்துகொண்டே மெல்லிய குரலில், "ஹஜ்ரத், அந்தப் படத்துல அப்படி ஒரு இடமே இல்லையே. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். "நம்பிக்கையானவங்க சொன்னாங்க தம்பி" என்று சமாளித்துவிட்டு வந்தோம். அன்று பகல் சோறு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்றால், மதரஸாவில் ஓதிய பாடம் கண்முன் வந்து நின்றது. ஃபிக்ஹு நூல்களில் சாட்சியம் பற்றித் தனிப் பாடம் உண்டு. கண்ணால் காணாததற்குச் சாட்சி சொல்லக் கூடாது. வமிசம், மரணம், நிக்காஹ் போன்ற மிகச் சிலவற்றில் மட்டும் ஊரறிந்த செய்தியைக் கொண்டு சாட்சி சொல்ல அனுமதி இருக்கிறது. சினிமாப் படம் அந்தப் பட்டியலில் இல்லை! பத்து ரூபாய்க் கடன் வழக்கில் இவ்வளவு கறாராக இருக்கும் மார்க்கத்தைப் படித்துவிட்டு, மிம்பருக்கு அருகில் நின்று கைபேசிச் செய்தியைப் படித்திருக்கிறோம். அறிவில்லாததைப் பின்தொடராதே, காதும் கண்ணும் இதயமும் விசாரிக்கப்படும் என்ற கருத்தைத் திருமறை பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் 36-வது வசனம் சொல்கிறது. கேள்விப்பட்டதை எல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. இவை நமக்குத் தெரியாதவை அல்ல. பிறருக்கு ஓதிக் காட்டியவைதாம்.

இது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் 1977-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். சிரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய முஸ்தஃபா அக்காத் என்பவர், இஸ்லாத்தின் ஆரம்ப காலத்தை 'தி மெஸ்ஸேஜ்' என்ற படமாக எடுத்தார். நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் கிடையாது. ஆன்டனி குவின் நடித்தது ஹம்ஸா (ரலி) அவர்களாக. அப்படி நடிப்பதும் சரியா என்று ஆட்சேபிக்க உலமாக்களுக்கு இடமுண்டு, ஆட்சேபித்தவர்களும் உண்டு. ஆனால் பரவிய வதந்தி வேறு. நாயகமாகவே ஒரு நடிகர் வருகிறார் என்று பரவியது.

அந்த ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி வாஷிங்டன் நகரில் 12 பேர் ஆயுதங்களுடன் மூன்று கட்டடங்களில் புகுந்து, ஏறக்குறைய 150 பேரைப் பிணையாகப் பிடித்தார்கள். மூன்றில் ஒன்று இஸ்லாமிய மையம்; அல்லாஹ்வைத் தொழும் இடம்! அவர்களின் தலைவருக்குச் சொந்தத் துயரம் ஒன்று இருந்ததையும் மறைக்கக் கூடாது. 1973-இல் அவருடைய குழந்தைகள் உட்படக் குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றவர்களை ஒப்படைக்க வேண்டும் என்பது பிரதான கோரிக்கை. அதோடு சேர்ந்த இன்னொரு கோரிக்கை, இந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது. படம் அந்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்ததே அந்த நாட்களில்தான். 24 வயது வானொலிச் செய்தியாளர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். எகிப்து, பாகிஸ்தான், ஈரான் நாட்டுத் தூதர்கள் போய்க் குர்ஆன் வசனங்களை எடுத்துக்காட்டிப் பேசிய பிறகுதான் 11-ஆம் தேதி மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

புகழ்வதிலும் இதே அவசரம் இருக்கிறது. 2014 முதல் 2019 வரை துருக்கியில் ஒளிபரப்பான எர்துக்ருல் தொடரை நம் வீடுகளிலும் பார்க்கிறார்கள். "வரலாற்றை அப்படியே காட்டியிருக்கான்" என்று வாப்பாமார் சொல்லப் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள். எர்துக்ருல் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டு இன்று கிடைக்கும் செய்தி மிகமிகச் சொற்பம். மற்றதெல்லாம் கதை எழுதியவரின் கற்பனை. 2020-இல் பாகிஸ்தானில் அது உர்தூவில் ஓடியபோது இன்னொன்றும் நடந்தது. ஹலிமாவாக நடித்த நடிகையின் சொந்தப் புகைப்படங்களைத் தேடிப் பிடித்து, அவருடைய உடையைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். கதையில் வரும் வில்லனைத் திட்டினால் அது புறம் ஆகாது. அப்படி ஓர் ஆளே இல்லை. நடித்தவர் அப்படியல்லவே! அவர் உயிருள்ள மனிதர்; நாளை மஹ்ஷரில் நம் எதிரே நின்று வழக்குப் பேசக் கூடியவர்.

அடுத்த ஜும்ஆவில், "போன வாரம் நாம் சொன்ன படத்தை நாம் பார்க்கவில்லை. விசாரிக்காமல் சொன்னோம். விசாரித்ததில் அது உண்மை இல்லை" என்று சொன்னோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை; ஆலிமின் கண்ணியம் குறைந்துவிடும் என்று தனியே அழைத்துச் சொன்னார்கள்.

எல்லோரும் போனபின் ஒரு பெரியவர் மட்டும் தூணோரம் நின்றார். "ஹஜ்ரத், நீங்க சொன்னதைக் கேட்டு வீட்டுக்குப் போயி, அந்தப் படத்தைப் பாத்தான்னு பேரனை அடிச்சிட்டேன். போனையும் பிடுங்கி உடைச்சிட்டேன். எட்டு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்கிறான்" என்றார்.

"செருப்பைப் போடுங்க வாப்பா, நாமும் வர்றோம்" என்று சொல்லி அவருடன் நடந்தோம்.