விரல் உங்களுடையது

‘கிராபிக்ஸ் பிரமாதம்!’

ஒரு வீடியோ கேம் ஏன் பிடித்திருக்கிறது என்று எந்தப் பையனைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் இதுதான். புல் அசைவது தெரிகிறதாம். ஹீரோவின் நெற்றியில் வேர்வை தெரிகிறதாம். தெரியட்டும், சந்தோஷம். ஆனால், ஒரு ஆட்டம் ஆளையே உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வதற்கு இதுவா காரணம்?

1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாடமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், டெட்ரிஸ் எழுதினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 மெஷினுக்குப் படம் வரையவே வராது, வெறும் எழுத்துதான். மனுஷர் அசரவில்லை. கட்டங்களுக்குப் பதில் அடைப்புக்குறிகளை விழவைத்தார். கதை கிடையாது, ஹீரோ கிடையாது, வில்லனும் கிடையாது. மேலேயிருந்து விழுவதைத் திருப்பித் திருப்பி அடுக்கவேண்டும், அவ்வளவே. பாதி உலகம் சோறு தண்ணி மறந்து அடுக்கியது.

அதற்கும் முன்னால், 1978-ல் ஜப்பானில் டொமொஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 55 வேற்றுக்கிரகப் பொம்மைகள் வரிசை கட்டி இறங்கிவரும். சுடச்சுட, மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். இது யோசித்துச் செய்ததல்ல. அத்தனை பொம்மைகளையும் வரைய அந்த மெஷின் திணறியது. எண்ணிக்கை குறையக் குறைய அதற்கு வேலை சுலபமாகி, ஓட ஆரம்பித்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கூடவே ‘டும் டும் டும் டும்’ என்று நாலே நாலு ஸ்வரம், அதுவும் வேகம் பிடிக்கும். ஆடுகிறவன் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொள்ளும்.

நம் தெருவில் பாண்டி ஆடுகிற குழந்தைகளைப் பாருங்கள். சாக்பீஸால் எட்டுக் கட்டம், ஒரு சில்லு. ‘கோட்டை மிதிச்சுட்டே!’, ‘இல்லவே இல்லை, அம்மா சத்தியமா!’ கண்ணில் தண்ணீரோடு வாதாடுகிற அந்தக் குழந்தைக்குக் கோடு எவ்வளவு நிஜம்! டச்சு அறிஞர் ஹுய்சிங்கா, 1938-ல் வந்த ‘ஹோமோ லூடென்ஸ்’ புத்தகத்தில் விளையாட்டின் மந்திர வட்டம் பற்றிப் பேசுகிறார். வட்டத்துக்குள் வேறு சட்டம். எல்லோரும் அதற்குக் கட்டுப்படுகிறவரை அந்தக் குட்டி உலகம் நிற்கும்.

ஆக, நம்மை உள்ளே இழுப்பது ஒரு பதில். நாம் ஒன்று செய்கிறோம். அந்த உலகம் உடனே, ஒழுங்காகப் பதில் சொல்கிறது. நாம் செய்தது அங்கே கணக்கில் எழுதப்படுகிறது. இதுவரை சிக்கல் இல்லை. கணக்கில் பாவமும் ஏறலாமே, அப்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது.

2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஷேடோ ஆஃப் த கொலாசஸ்’ என்ற ஆட்டத்தைச் சொல்லவேண்டும். ஃபுமிட்டோ உவேடா இயக்கியது. இறந்துபோன ஒரு பெண்ணுக்கு உயிர் கொடுக்க, ஓர் இளைஞன் 16 ராட்சத ஜீவன்களைக் கொல்லவேண்டும். ஆளில்லாத பெரிய வெளி, ஒரு குதிரை, ஒரு கத்தி, ஒரு வில். குட்டி எதிரிகள் கிடையாது. சில ராட்சதர்கள் நாம் வம்புக்குப் போகாதவரை சிவனே என்று இருக்கின்றன. 13-வது, வானத்தில் மிதக்கிற ஒரு பிரம்மாண்டம். அது கடைசிவரை நம்மைத் தாக்குவதே இல்லை. ஏறிக் குத்துகிறீர்கள். விழுகிறது. வெற்றி முரசு இல்லை, சோகமான இசை. ஒவ்வொரு கொலைக்கும் நாயகனின் முகம் வெளிறிக்கொண்டே போகிறது.

சினிமாவில் வில்லன் ஒரு அப்பாவியைக் கொன்றால் நமக்கு அழுகை வரும், கோபம் வரும். குற்ற உணர்ச்சி வராது. கொன்றது நாமில்லையே! இங்கே பட்டனை அழுத்தியது யார் விரல்?

லூகாஸ் போப் என்பவர் 2013-ல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ இன்னும் மோசம். படமெல்லாம் மங்கலாக, கட்டம் கட்டமாக இருக்கும். கற்பனையான ஒரு கம்யூனிஸ்ட் நாட்டின் எல்லையில் நீங்கள் பாஸ்போர்ட் பார்க்கிற குமாஸ்தா. எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து அனுப்புகிறீர்களோ அதற்குத்தான் கூலி. வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு எல்லாம் அதிலிருந்துதான். ஒருநாள் ஒரு கணவன் வருகிறான். பேப்பர் சரியாக இருக்கிறது. ‘அடுத்து என் மனைவி வருவாள், கொஞ்சம் தயவு பண்ணுங்கள்’ என்கிறான். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விட்டால் எச்சரிக்கை ஓலை வரும். அளவுக்கு மேல் ஓலை சேர்ந்தால் கூலியில் பிடித்தம். விடாவிட்டால் ஒரு குடும்பம் பிரியும். முத்திரை உங்கள் கையில். பின்னால் க்யூ நிற்கிறது.

இந்த இடத்தில் புல் அசைகிறதா என்று யாராவது பார்ப்பார்களா?

‘சும்மா விளையாட்டு சார், யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். நியாயம்தான். அந்த மனைவி இல்லை, அந்த நாடே இல்லை. ராபர்ட் நோஸிக் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1974-ல் ஒரு கற்பனை மெஷினைச் சொன்னார். தலையில் மாட்டிக்கொண்டால் வேண்டிய அனுபவமெல்லாம் கிடைக்கும். மாட்டிக்கொள்வீர்களா? வேண்டாம் என்பதே அவர் பதில். நமக்கு ஒன்றைச் செய்ததுபோல் இருந்தால் போதாது, நிஜமாகவே செய்யவேண்டும் என்றார். நல்ல கேம் இந்த மெஷினிலிருந்து ஒரு விஷயத்தில் தப்பிக்கிறது. அங்கே உலகம் பொய், முடிவெடுக்கிறவர் நிஜம். அவளை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தயங்கிய அந்த ரெண்டு விநாடி உங்களுடையது. யாருக்கும் நஷ்டமில்லாவிட்டாலும், நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அதற்காக இழுத்துப் பிடிக்கிற ஆட்டமெல்லாம் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. மூழ்குவது வேறு, மாட்டிக்கொள்வது வேறு. வலையில் கிடக்கிற மீனும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. ‘இன்று வந்தால் பரிசு, நாளை வராவிட்டால் போச்சு’ என்று செல்போனில் கூப்பிடுகிற ஆட்டங்கள் உங்களிடம் முடிவு எதையும் கேட்பதில்லை, நேரத்தையும் பர்ஸையும்தான் கேட்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்குகிற பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்து, 2018-ல் பெல்ஜியம் தடுத்தது. வெறும் லாட்டரிச் சீட்டுக்குப் புதுச் சட்டை.

வித்தியாசம் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பையன் ஆடி முடித்து எழுந்து வரும்போது ‘எத்தனை மணி நேரம்டா?’ என்று கத்தாமல், ‘அங்கே என்ன பண்ணினே, ஏன் பண்ணினே?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அந்தப் பொம்பளை பேப்பர் இல்லாம வந்தாப்பா, என்ன பண்றதுன்னே தெரியலை’ என்று ஆரம்பித்தால் உட்கார்ந்து கேளுங்கள்; அவனிடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. ‘லெவல் 240’ என்று மட்டும் பதில் வந்தால், சார்ஜரை எடுத்து பீரோவில் வைக்கலாம்.