பிள்ளைகளின் உணவும் ஆச்ரய தோஷமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து ஒன்பதாம் திருமொழி, ஆய்ச்சியர் யசோதையிடம் வந்து முறையிடும் பதிகம். தன் வீட்டில் பாலும் நெய்யும் குறைவற இருக்க, கண்ணன் பிறர் மனைகளிற் புகுந்து வெண்ணெய் உண்கிறான். ஒருத்தியின் மகளுடைய கைவளையைக் கழற்றிக் கொடுத்து நாவற்பழம் வாங்குகிறான். தாய் சமைத்ததை விட்டுவிட்டு வெளியே உண்ணும் பிள்ளையைப் பற்றிய கவலை நம் காலத்தில் தோன்றியதன்று என்பது இதனால் விளங்கும்.

சிறு பிள்ளைகளைப் பெற்ற இளையவர்கள் அடியேனிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு. வீட்டுத் தளிகையைப் பெருமாள் அமுது செய்தபின் உண்பதே முறை, வெளியுணவு ஆகாது என்னும் நியமத்தை இக்காலத்துப் பிள்ளைகளிடம் எவ்வளவு தூரம் வற்புறுத்துவது? வணிகவியல் பயின்று, வங்கியிற் பணிபுரிந்து ஓய்வு பெற்ற அடியேன் இதற்குத் தீர்ப்புச் சொல்லத் தக்கவன் அல்லேன். ஆயினும் இந்நியமத்தை நானே பிழைபடக் கைக்கொண்ட ஒரு நாள் உண்டு. அதைச் சொன்னால் சிலருக்கேனும் பயன்படலாம்.

உணவு தூயதானால் உள்ளம் தூயதாகும் என்கிறது சாந்தோக்ய உபநிஷத்து. அங்கே ஆஹாரம் என்பதற்கு, புலன்களால் உட்கொள்ளப்படும் விஷயங்கள் என்று சங்கரர் பொருள் கொண்டார். எம்பெருமானாரோ உண்ணும் உணவு என்றே கொண்டார். பக்திக்கு அங்கமான ஏழு ஸாதனங்களைச் சொல்லுமிடத்து, ஸ்ரீபாஷ்யம் விவேகத்தை முதலில் வைக்கிறது. ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைத் தோஷமும் இல்லாத உணவால் உடல் தூய்மை பெறுவதே விவேகம். வெங்காயம், பூண்டு போல இயல்பிலேயே விலக்கப்பட்டவை ஜாதி தோஷமுடையவை. மயிர், புழு முதலியன விழுந்து கெட்டவை நிமித்த தோஷமுடையவை. உணவு எவரைச் சார்ந்து வந்ததோ அவரால் நேர்வது ஆச்ரய தோஷம். அடியேன் தடுமாறியது இந்த மூன்றாவதில்தான்.

1993ஆம் ஆண்டு. பவானியில் கூடுதுறைக்கு அருகே குடியிருந்தோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. வெளியில் ஒரு வாய் காப்பியும் அருந்துவதில்லை என்பதில் எனக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமையைக் காப்பதற்காக விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவள் என் மனைவி. அவ்வாண்டு அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து பத்து நாள் எழ முடியவில்லை. வட்டிக் கணக்கை மனத்தாலேயே போடத் தெரிந்த எனக்கு, ஒரு படி அரிசிக்கு எவ்வளவு நீர் வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு நாள் பழமும் பாலுமாகக் கழிந்தன.

மூன்றாம் நாள் மாலை, தெருவில் எதிர்வீட்டு அம்மையார் மூடிய பாத்திரத்துடன் வாசலில் வந்து நின்றார். ஜமக்காளம் நெய்யும் குடும்பம். "பசங்களுக்கு அரிசிம்பருப்புச் சோறுங்கண்ணா. வெங்காயம், பூண்டு எதுவும் போடலீங்க. குளிச்சுட்டுத்தான் ஆக்குனேன்" என்றார். எங்கள் நியமம் அறிந்து, அதற்கேற்பத் தம் வழக்கத்தை மாற்றிச் சமைத்திருக்கிறார். அடியேன் கைகூப்பி, "மனம் வருத்தப்பட வேண்டாம், எங்களுக்கு வழக்கமில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்றார்.

இரவு மகன் பசியால் அழுதான். வேறு வழியின்றிப் பேருந்து நிலையத்தருகே ஓர் உணவு விடுதியில் இட்லி வாங்கி வந்தேன். சாம்பாரில் வெங்காயம் மிதந்தது. அதை ஒதுக்கி வைத்துக்கொண்டே மகள் கேட்டாள்: "அப்பா, அத்தை கொண்டுவந்த சோறு வேண்டாம் என்றீர்களே. இதை யார் செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

விடை சொல்ல இயலவில்லை. தூய்மை கருதி மறுத்தேன் என்றால், மூவகைத் தோஷத்தில் எதையும் ஆராயாமல் விடுதி உணவை ஏற்றது எவ்வாறு? பணம் கொடுத்து வாங்கியதில் எவருக்கும் கடன்படவில்லை. அயலார் அன்பால் தந்ததை ஏற்றால் அவர்க்குச் சமமாக அமர வேண்டியிருக்கும். அன்று என் நெஞ்சில் இருந்தது ஆசாரமன்று, அஹங்காரமே.

குருபரம்பரையில் இதற்கு நேரான நிகழ்ச்சி உண்டு. காஞ்சியில் பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கர்யம் செய்த திருக்கச்சி நம்பி அந்தண குலத்தவர் அல்லர். அவர் அமுது செய்த சேஷத்தை உண்ண விரும்பி உடையவர் அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார். நம்பி வந்தபோது உடையவர் அங்கில்லை. தேவியார் அவருக்கு அமுது படைத்து, அவர் சென்றபின் மீந்ததை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, நீராடி, மறுபடியும் தளிகை செய்தார். திரும்பி வந்த உடையவர் மனம் நொந்தார். உபந்யாஸங்களில் இதைக் கேட்கும்போதெல்லாம் தேவியாரைக் குறை கூறுவோர் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவர் தாம் கற்றபடி செய்தார். உடையவர் திருவுள்ளத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் வழியில் வந்தும், நான் வாசலிலேயே அதைச் செய்தேன்.

விவேகத்தை வகுத்த அதே ஆசார்யர்தாம் நம்பியின் சேஷத்தையும் விரும்பினார். ஆகவே ஆச்ரயம் என்பதைப் பிறப்போடு நிறுத்திக்கொள்வது அவர் திருவுள்ளத்துக்கு ஒத்ததன்று என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. கண்ணன் வெண்ணெய் விழுங்கியதற்கு வ்யாக்யாதாக்கள் சொல்லும் காரணமும் ஈதே. அது ஆச்ரிதர் கைபட்ட த்ரவ்யம். அதனாலேயே அவனுக்கு அது தாரகமாயிற்று. கொடுப்பவர் கையால் உணவுக்குத் தோஷமும் வரலாம், ஏற்றமும் வரலாம். எதிர்வீட்டிலிருந்து வந்தது ஏற்றம்.

இனி இளம் பெற்றோருக்கு அடியேன் விண்ணப்பிப்பது மூன்று.

வீட்டுத் தளிகை சிறந்தது என்று சொல்லும் தந்தை முதலில் அடுப்பருகே நிற்கக் கற்க வேண்டும். திவ்யதேசத் திருமடைப்பள்ளிகளில் தளிகை செய்வோர் ஆடவரே. அங்கே கைங்கர்யமாவது வீட்டில் மட்டும் ஏன் பெண்ணின் சுமையாக வேண்டும்? தான் செய்யாமல் பிறரைக் கொண்டு காக்கும் நியமம், மற்றவர் கணக்கில் எழுதும் காசோலை.

இரண்டாவது, வெளியுணவில் உண்மையான தோஷங்களை அறிந்து விலக்குதல். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் இக்காலத்து நிமித்த தோஷம். அதன் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நடப்பிலுள்ளது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் விற்கலாகாது என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இவற்றைப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால் அவனுக்குப் புரியும். வெறுமனே "ஆகாது" என்றால் நம் கண்மறைவில் உண்ணக் கற்பான்.

மூன்றாவது, அளவு. கண்ணனே உணவும் நீரும் வெற்றிலையும் என்று நம்மாழ்வார் அருளிச்செய்த இடத்தில், அவற்றைத் தாரகம், போஷகம், போக்யம் என்று ஈடு பிரித்துக் காட்டும். விடுதிக்குக் குடும்பமாகச் செல்வது எப்போதேனும் போக்யமாக இருக்கட்டும். அதுவே தாரகமாகிவிட்டால் கைபேசியைத் தொட்டவுடன் வாசலில் வந்து நிற்பதே உணவு என்று பிள்ளை எண்ணும். அதன் பின்னே ஒரு கை இருப்பதை மறந்துவிடும். எங்கு உண்டாலும் எம்பெருமானை நினைந்து, சமைத்தவரையும் பரிமாறியவரையும் நன்றியோடு நோக்கி உண்ணப் பழக்குவோம்.

எதிர்வீட்டு அம்மையார் அதன்பின்னும் என் மனைவியிடம் முன்போலவே பழகினார். ஆனால் அந்தப் பாத்திரம் மறுபடி எங்கள் வாசலுக்கு வரவில்லை. சில ஆண்டுகளில் அக்குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தது. ஒருநாள் சென்று கேட்டு வாங்கி உண்டிருக்கலாம். அதையும் அடியேன் செய்யவில்லை. இந்த அபசாரத்தை எம்பெருமானாரும், அவர் உகந்த பாகவதர்களும் பொறுத்தருள வேண்டும்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.