பெயரில்லாத தெருக்கள்

சிங்கப்பூரில் விமானம் மாறி, டோக்கியோவுக்கு இன்னும் 7 மணி நேரம். முன்னிருக்கையின் திரையில் தென்சீனக் கடல்மேல் ஒரு கோடு, அதன் நுனியில் குட்டி விமானம். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது நகர்வதாகத் தெரியாது. கண்ணசந்து விழித்தால் தைவான் பின்னால் போயிருக்கும்.

உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலத்தான். ராத்திரி முழுக்க ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறோம், குளிரும் யூகலிப்டஸ் வாசனையும் இல்லாமல். உதடு காய்கிறது. கீழே கடல் என்பதே திரை சொல்லித்தான் தெரிகிறது. புறப்பட்ட ஊர், போய்ச் சேரும் ஊர். நடுவில் இருப்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

*

நரிதா விமான நிலையத்திலிருந்து நகரம் 60 கிலோமீட்டர். உவெனோவில் ரயிலை விட்டு இறங்கினேன். கையில் விடுதியின் முகவரி: வார்டு, பேட்டை, அப்புறம் மூன்று எண்கள். தெருப்பெயர் இல்லை. பெரிய சாலைகள் சிலவற்றை விட்டால் டோக்கியோவில் தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முதல் எண் பேட்டையின் உட்பிரிவு. அடுத்தது, நாலு பக்கமும் தெரு சூழ்ந்த மனைத்தொகுதி. கடைசி எண் அதற்குள் இருக்கும் கட்டடம். தெரு என்பது தொகுதிகளுக்கு நடுவே விட்ட இடைவெளி. அதற்கு எதற்குப் பெயர் என்று விட்டுவிட்டார்கள் போலும். "பிள்ளையார் கோயில் தெரு, இடப்பக்கம் நாலாவது வீடு" என்று வழி கேட்டே பழகியவனுக்குக் கால் எங்கே ஊன்றுவதென்று தெரியவில்லை.

'கோபான்' என்கிற சின்னக் காவல் சாவடியில் விசாரித்தேன். போலீஸ்காரர் வரைபடத்தை விரித்து, ஒரு தொகுதியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார். தெருவைத் தொடவே இல்லை.

*

ஜூனில் இங்கே நாலரைக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. ஊரில் அப்போது இரவு ஒரு மணி. சன்னல் வெளிச்சம் எழுப்பிவிட, கீழே இறங்கி நடந்தேன். குப்பைப் பைகள்மேல் போர்த்திய நீல வலையை, நம்மூர்க் காக்கையைவிடப் பெரிய காக்கை ஒன்று ஓரம் தூக்கிப் பார்த்தது.

எதிரெதிர் வீடுகள் வேறு வேறு தொகுதி. எண்களில் ஒட்டுறவே கிடையாது. ஆனால் செடித்தொட்டிகளை இரு சாரியும் தெருவோரத்தில்தான் அடுக்கியிருக்கிறார்கள். ஓர் அம்மாள் தன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, எதிர்ச்சாரிக்கும் போய் ஊற்றினார். என்னைக் கண்டதும் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். யார் முதலில் நிறுத்த வேண்டும் என்பதை எந்த வழிகாட்டி நூலிலும் நான் படித்ததில்லை.